நான் கட்டிய பையை அவிழ்த்தவள்

மார்ச் 3, திங்கள்

இன்று கோரி மீன் முதல் தடவையாக வெளியூர் போயிற்று. இருபது பெட்டி.

பன்னிரண்டு வருடமாக இந்த அலங்கார மீன் பண்ணையில் கப்பியும் மோலியும் தங்கமீனும் பையில் கட்டி அனுப்பிய கை இது. இப்போது இந்த மீசைக்காரர்கள் வந்திருக்கிறார்கள். கெளுத்தி ஜாதிதான், ஆனால் கட்டைவிரல் நீளத்தோடு வளர்ச்சி நின்றுவிடும். உடம்பில் செதில் கிடையாது. ஓடு வேய்ந்த மாதிரி இரண்டு பக்கமும் தகடு. கண்ணைச் சுற்றி மை அப்பிக்கொண்டு கும்பலாக மணலை மோந்து திரிகின்றன. திடீரென்று விருட்டென மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பவும் தரைக்கு வந்துவிடும். கண்ணையும் உருட்டிச் சிமிட்டுகிறது.

"மொதலாளி, இது என்னைப் பாத்துக் கண்ணடிக்குது" என்றேன்.

"அதுக்குப் பார்வை மட்டம்க்கா" என்றார். சின்ன வயசுக்காரர், ஆனால் வாய் பெரிசு.

இதை வலையில் பிடிக்கக் கூடாது. பயந்தால் முதுகு முள்ளையும் பக்க முள்ளையும் விறைத்துக்கொள்ளும். வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் கிண்ணத்தால் மொள்ள வேண்டும். பையும் இரட்டைப் பை. மொள்ளுகிற வேலைக்குத் தம்பி மனைவி. அவள் சேர்ந்து இன்றோடு பத்து நாள். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். தம்பி சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்து நாலு மாதமாகிறது. பெயின்ட் அடிக்கிறவன் எழுந்து நின்றால்தானே பெயின்ட். இப்போது அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

வாயைத் திறக்கவே மாட்டாள். கல்லுளிமங்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். நேரிலேயே கூப்பிடுகிறேன். அதற்கும் கோபம் வராது.

அவள் மொண்டு எண்ணிப் பையில் விடுவாள். நான் ஆக்சிஜன் அடித்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவேன். கட்டியதும் பையை விரலால் ரெண்டு சுண்டு சுண்டி, "போய்ட்டு வா மாப்ளே" என்று வழியனுப்புவேன். விளையாட்டு மட்டும் இல்லை. சுண்டினால் நல்ல மீன் துள்ளும், நோஞ்சான் மிதக்கும். நோஞ்சானை எடுத்துவிடலாம். இந்த மீசைக்காரர்கள் ரெண்டு சுண்டுக்கு அசைவதாக இல்லை. எட்டுப் பத்துத் தடவை சுண்டிக் குலுக்கினால்தான் கிளம்புகிறார்கள்.

"அண்ணி, தட்டாதீங்க. பயப்படுது" என்றாள் கல்லுளிமங்கி. பத்து நாளில் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

"என் தம்பியக் கட்டிக்கிட்டு நீயே பயப்படாம இருக்க. மீனுக்கு என்னடி பயம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

மார்ச் 5, புதன்

வாங்கினவர் போன் போட்டாராம். இருபதில் பதினோரு பெட்டி செத்துப்போய்ச் சேர்ந்திருக்கிறது. பெட்டியில் ஒன்று ரெண்டு என்று இல்லை, பை பையாக மொத்தமும். கப்பியில் எனக்கு இப்படி ஆனதே இல்லை. கிணற்றுத் தண்ணீர் என்றார் முதலாளி. வெயில் என்றேன் நான். விமானத்தில் போட்டவன் வெயிலில் வைத்திருப்பான்.

மார்ச் 8, சனி

வியாழக்கிழமை இன்னொரு இருபது பெட்டி அனுப்பினோம். அதில் ஒன்பது செத்துப்போயிற்று.

மத்தியானம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, தண்ணி சோதிச்சாச்சு. நல்லாருக்கு. ஆக்சிஜன் நல்லாருக்கு. நீங்க பன்னெண்டு வருசம் கட்டுறீங்க. இங்க புதுசு யாரு?"

"மீனுதான் புதுசு" என்றேன், சிரித்துக்கொண்டு.

"மீன விடுங்க. எதிர்த்தெரு பண்ணைக்காரனுக்கு நம்ம மேல கண்ணு. யாராச்சும் உள்ள இருந்து கைவரிசையக் காட்டினா போதும். உங்க சொந்தம்னுதான் நான் பேசாம இருக்கேன். கொஞ்சம் பாத்துக்குங்க."

சிரித்தேன். வெளியே வந்தும் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சிரிப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. அவள் சேர்ந்த பிறகுதானே சாகிறது?

மார்ச் 11, செவ்வாய்

கை கழுவ ஐந்து நிமிடம் எடுத்தாள். அப்படி என்ன ஒட்டியிருக்கிறது கையில்?

மார்ச் 14, வெள்ளி

கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் எதிர்த்தெரு பண்ணை வாசலில் நின்று யாரோ ஒரு வயதான பொம்பளையிடம் பேசிக்கொண்டிருந்தாள். வாயே திறக்காதவள் அங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள்! நம்மிடம் மட்டும்தான் ஊமை போல.

திரும்பி வந்ததும், "எங்கடி போன? மாப்ளை பாக்கவா?" என்று கேட்டேன்.

"சும்மா அண்ணி. தெரிஞ்சவங்க."

சும்மா. யாராவது சும்மா வெயிலில் நிற்பார்களா?

அவள் சோற்றுப் பையை ஆணியில் மாட்டும்போது ஜிப்பை இழுத்து மூடினாள். சோறு சாப்பிட்டு முடித்த பிறகு வெறும் டப்பாவுக்கு எதற்கு ஜிப்? போன வாரம் மூடினாளா? நினைவில்லை. போன வாரம் நான் பார்க்கவில்லை. இப்போது எல்லாம் கண்ணில் படுகிறது. காமாலைக் கண் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிற மனுஷனுக்கு மனுஷர்களைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 17, திங்கள்

இன்று பிடித்துவிட்டேன்.

இருபது பெட்டிக்கான பைகளைக் கட்டி வரிசையாக நிறுத்திவிட்டு, "தலைவலி, டீ குடிச்சிட்டு வரேன்" என்று கிளம்பினேன். டீக்கடைக்குப் போகவில்லை. தெர்மாகோல் அடுக்குக்குப் பின்னால் குந்தினேன். இந்த உடம்பைக் குறுக்கி அங்கே உட்கார்ந்தது பெரிய வித்தை. முட்டி ரெண்டும் டப் டப்பென்று சத்தம் போட்டன. என் முட்டியே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் கட்டிய பை ஒன்றை எடுத்து ரப்பர் பேண்டை உருவினாள். தண்ணீரை வாளியில் கொட்டினாள். வேறு தண்ணீர் ஊற்றினாள். ஆக்சிஜன் அடித்தாள். திரும்பக் கட்டி அதே இடத்தில் வைத்தாள். அடுத்த பை. அதற்கடுத்தது. ஆக்சிஜன் அடிக்க எப்போது கற்றுக்கொண்டாள்? நான் சொல்லித்தரவே இல்லையே.

ஒரு பைத் தண்ணீரை மட்டும் கொட்டவில்லை. சின்னப் பாட்டிலில் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பாதி வரிசை முடிந்திருக்கும். முதலாளி இருமுகிற சத்தம் கேட்டதும் நல்ல பிள்ளையாக விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

நான் எழுந்து சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தேன். "பையெல்லாம் சரியா இருக்காடி?"

"சரியா இருக்கு அண்ணி."

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கண்கூட இமைக்கவில்லை.

என் தம்பி வீட்டுச் சோற்றில் மண் போடப் பார்க்கிறாளே! நான் வாங்கிக் கொடுத்த வேலை. நாளைக்கு, "உன் ஆளுதானே" என்று என்னையும் சேர்த்துத்தானே வெளியே தள்ளுவார்கள்? இல்லை, அவளுக்கு வேறு ஏதாவது... வேறு என்ன இருக்க முடியும்?

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நேரா அவகிட்டயே கேளேன்" என்றார்.

"கேட்டா உண்மையா சொல்லுவா?"

"நீ போலீஸ்ல சேந்திருக்கலாம். என்ன, உன் கொண்டைக்கு மேல தொப்பி நிக்காது."

மனுஷனுக்கு எதிலும் விளையாட்டு. எனக்கு வந்த வியாதி அவருக்கும் ஒட்டிவிட்டது.

மார்ச் 20, வியாழன்

திங்கட்கிழமை போனதில் பத்துப் பெட்டி சாவு. செய்தி வந்ததும் முதலாளி மேசையில் ஓங்கி அடித்தார். அவள் தொட்டி அலச வெளியே போயிருந்தாள். சோற்றுப் பை ஆணியில் தொங்கிற்று.

நான் எடுத்தேன். நானேதான். யாரும் சொல்லவில்லை.

சோற்று டப்பா, ஒரு சீப்பு, தம்பியின் மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட், அடியில் அந்தப் பாட்டில். கலங்கலான தண்ணீர். குலுக்கினால் நுரை நிற்கிறது.

முதலாளி கையில் கொடுத்தேன். அவர் நேரே போய் ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, அதில் ஒரு மீசைக்காரனை விட்டார். எல்லாரும் சுற்றி நின்றோம். மீன் மேலே பாய்ந்தது, கீழே விழுந்தது, திரும்பப் பாய்ந்தது. அரை மணி நேரத்தில் சாய்ந்துவிட்டது. மை போட்ட கண் அப்படியே நின்றது.

அவள் ஈரக் கையோடு உள்ளே வந்தாள். ஜாடியைப் பார்த்தாள். அப்புறம் என் கையில் இருந்த தன் பையைப் பார்த்தாள்.

"என்ன விஷம் இது?" என்றார் முதலாளி.

"விஷம் இல்லைங்க. மீன் இருந்த பைத் தண்ணிதான். எதிர்த்தெருவுல ஒரு அம்மா கேட்டாங்க, கொண்டாந்து காட்டுன்னு."

"எதிர்த்தெருவுல! கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?"

அவ்வளவுதான். இனி வர வேண்டாம் என்றார். அவள் என்னைப் பார்த்து, "அண்ணி..." என்றாள். நான் பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனாள். ஜிப்பை மூடக்கூட இல்லை.

நான் செய்தது சரிதான். கண்ணெதிரே மீன் செத்ததே.

மார்ச் 21, வெள்ளி

தம்பி போன் பண்ணினான். "அக்கா, நீ உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்டா."

வைத்துவிட்டான்.

மார்ச் 24, திங்கள்

இன்று இருபது பெட்டி. முதலாளியே கிண்ணத்தால் மொண்டு கொடுத்தார், நான் கட்டினேன். ஒவ்வொரு பையையும் ஒன்றுக்கு இரண்டு தடவையாகச் சுண்டிக் குலுக்கிப் பார்த்தேன், ஒரு நோஞ்சான்கூட உள்ளே போய்விடக் கூடாதென்று. கட்டிய பையை வேறு எவர் கையும் தொடவில்லை. பெட்டியில் வைத்து ஒட்டியது வரைக்கும் நான் மட்டும்தான்.

இப்போது தெரியும், யார் கை என்று.

மார்ச் 26, புதன்

இருபதும் செத்துவிட்டது.

இருபதும்.

மார்ச் 27, வியாழன்

முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நான் டீ குடிக்கப் போனால் பார்க்கிறார், திரும்பி வந்தால் பார்க்கிறார். மத்தியானம் என் பை ஆணியில் கொஞ்சம் திரும்பி இருந்த மாதிரி தெரிந்தது. யாராவது எடுத்துப் பார்த்தார்களோ? நான் மாட்டியதே அப்படித்தானோ? பன்னெண்டு வருசம்! என்னையா? என் பையில என்ன இருக்கு, வெத்து டப்பாவும் மூட்டுவலித் தைலமும். பாத்துட்டுப் போகட்டும்! எதை வேணா பாத்துக்கட்டும்!

... எழுதி நிறுத்திவிட்டு முகம் கழுவி வந்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு அவளும் வீட்டுக்குப் போய் முகம் கழுவியிருப்பாள்.

மார்ச் 28, வெள்ளி

அனுப்பாமல் மிஞ்சிய ஒரு பை மேசையடியில் கிடந்தது. திங்கட்கிழமை கட்டியது. மீன் செத்து நாறிற்று. கொட்டப் போனபோது தண்ணீரைப் பார்த்தேன். கலங்கல். குலுக்கினால் நுரை நிற்கிறது. இந்தத் தண்ணீரை எங்கே பார்த்தேன்? அவள் பாட்டிலில்.

இந்தப் பையை அவள் தொடவே இல்லையே. வேலையை விட்டு நின்று நாலு நாள் கழித்துக் கட்டிய பை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு மூன்று பை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஆறு மீன். முதல் பையைக் கட்டிச் சத்தமில்லாமல் வைத்தேன். இரண்டாவதைக் கட்டி என் வழக்கப்படி, "போய்ட்டு வா மாப்ளே" என்று சுண்டிக் குலுக்கினேன். மூன்றாவதையும் அதேபோலக் குலுக்கினேன். கொஞ்சம் பொறுத்து, அவள் செய்ததைப் போல அவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றிக் கட்டினேன்.

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய்ப் பார்த்தேன். முதல் பையில் ஆறும் அடியில் உட்கார்ந்து மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவதிலும் அப்படியே. நடுப்பையில் நுரை. ஆறும் மல்லாந்துவிட்டன.

பயந்தால் இது தன் உடம்பிலிருந்தே எதையோ கக்குகிறது. தொட்டியில் கக்கினால் கரைந்து போகும். பைக்குள் கக்கினால் அதையேதான் குடிக்க வேண்டும்.

பத்துச் சுண்டு சுண்டியது என் விரல். அவிழ்த்து அவிழ்த்து அவள் காப்பாற்றிய பைகள்தான் ஒவ்வொரு தடவையும் சாகாமல் போய்ச் சேர்ந்த அந்த ஒன்பதும் பதினொன்றும் பத்தும். மீனும் அவளும் ஒரே மாதத்தில்தான் வந்தார்கள். நான் மீனை விட்டுவிட்டேன், மனுஷியைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 29, சனி

யாருக்கும் தெரியாது. மூன்று பையையும் கழுவிக் காயப்போட்டுவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து விரலை மடக்கிக்கொண்டு கட்டினால் ஒரு பையும் சாகாது. "அந்தப் பொண்ணு போனதும் சரியாயிடுச்சு பாத்தீங்களாக்கா" என்பார் முதலாளி. நடுவில் அந்த இருபது பெட்டியை வெயில் தலையில் போட்டுவிடலாம்.

இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் நினைத்தேன், நினைக்கவில்லை என்று பொய் எழுத முடியாது. காலையிலிருந்து மத்தியானம் வரை இதையேதான் நினைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. கட்டிலில் தம்பி. என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான், இடுப்பு விடவில்லை. அதனால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். வேறு சமயமாக இருந்தால், "தூங்குறவன எழுப்பலாம்..." என்று ஆரம்பித்திருப்பேன். வாய் வரவில்லை.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்காமல் மூன்று பையைப் பற்றியும் சொன்னேன். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் அண்ணி. நீங்க சிரிச்சீங்க."

"அது... ஒருக்கா சொன்ன. அப்புறம் சொல்லலாம்ல? சண்டை போட்டுச் சொல்றது!"

"அப்ப எனக்கே சரியாத் தெரியாது. தட்டினா நுரை வருது, நுரை வந்தா சாகுது, அவ்ளோதான் தெரியும். எதிர்த்தெரு அம்மா இந்த மீன நெறைய கட்டினவங்க. வாளியில விட்டு முதல்ல பயப்பட விடு, கக்கினதக் கொட்டிட்டு நல்ல தண்ணியில கட்டுன்னாங்க. எதுக்கும் தண்ணியக் கொண்டான்னாங்க. கேட்டுட்டு நேரம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்." ஒரு சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள். "வேலை வாங்கிக் குடுத்தவங்க கையாலதான் மீன் சாகுதுன்னு எந்த வாயால சொல்றது? அதான் முதல் நாள்லேருந்தே நீங்க இல்லாத நேரமாப் பாத்து மாத்தி வெச்சேன். எல்லாத்தையும் மாத்த முடியல."

கட்டிலிலிருந்து தம்பி கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அவ பைய நீ தொறந்தியாமே அக்கா."

ஆமாம் என்றேன்.

மார்ச் 31, திங்கள்

முதலாளியிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். தனியாகச் சொன்னால் என் வாய் ஏதாவது விளையாட்டாக வளைத்துவிடும் என்று எனக்கே என்மேல் சந்தேகம். மூன்று பையை அவர் கண் முன்னால் திரும்பவும் செய்து காட்டினேன். ஆறு மீன் அநியாயமாகப் போயிற்று.

நடுப்பையை அவரே எடுத்துக் குலுக்கி நுரையைப் பார்த்தார். "அவங்களை வரச் சொல்லுங்க" என்றார். அப்புறம், "கட்டுற மேசை இனிமே அவங்களுக்கு. நீங்க தொட்டிப் பக்கம் இருங்கக்கா" என்றார். போகச் சொல்லவில்லை. அதுவே பெரிது.

ஏப்ரல் 2, புதன்

வந்துவிட்டாள். முதலாளியே போய்க் கூப்பிட்டிருக்கிறார். வாளி, பயம், தண்ணீர் மாற்றம், பிறகு பை, எல்லாம் அவள் சொன்னபடி நடக்கிறது. நான் தொட்டி கழுவுகிறேன். கண்ணாடியில் பெண் மீன் ஒட்டிவைத்த முட்டைகளை விரலால் மெல்ல உருட்டி எடுத்துத் தட்டில் சேர்க்கிறேன். சுண்டிப் பழகிய விரலுக்கு உருட்டுவது கஷ்டம்.

அஞ்சரைக்கு எல்லாரும் கிளம்பினார்கள். அவள் நேரே என்னிடம் வந்து, தோளிலிருந்த பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, என் முன்னால் விரித்துப் பிடித்தாள். டப்பா, சீப்பு, மாத்திரை அட்டை.

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"பாத்துக்குங்க அண்ணி. நான் கெளம்புறேன்."

ஏப்ரல் 3, வியாழன்

இன்றும்.

ஏப்ரல் 5, சனி

"வேணாம்டி. கால்ல விழணுமா? விழுறேன். என்ன, என்னைத் திரும்பத் தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும்."

"அதெல்லாம் எதுக்கு அண்ணி" என்றாள், மரியாதையாக. பை திறந்தபடியே இருந்தது. நான் எட்டிப் பார்க்கும் வரை நகரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

நாலரை மணி ஆனாலே என் கண் கடிகாரத்துக்குப் போகிறது. இன்று அஞ்சரைக்குக் கழிப்பறையில் போய் ஒளிந்துகொண்டேன். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தால் வாசலிலேயே நிற்கிறாள், பையோடு. அவள் பஸ் போய்விட்டது.

இனி ஒளிய மாட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

நாற்பது பெட்டி போய்ச் சேர்ந்ததாம். ஒரு மீன்கூடச் சாகவில்லை. முதலாளி எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார். தம்பி கம்பு ஊன்றிக் கதவு வரை நடந்தானாம். அவள் என்னிடம் சொல்லவில்லை, மேசையில் மற்றவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அஞ்சரைக்குக் கடைசித் தொட்டியில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நிமிர்ந்து நின்றேன்.

"வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். பை தோளிலேயே இருந்தது. ஜிப் மூடியிருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதோ? பேச்சு மும்முரத்தில் மறந்துவிட்டாளோ? இல்லை, வேண்டுமென்றே...

கேட்டுவிடலாம் என்று வாசல் வரை வேகமாகப் போனேன். தெருமுனையில்தான் இருந்தாள், கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிட்டால் நின்று, திரும்பி வந்து, திறந்து காட்டிவிடுவாள்.

கூப்பிடவில்லை.